இரண்டாவது பொத்தான்

சந்தேகம் வந்துவிட்டால் ஊசிக்கு முதலில் தூக்கம் போகும், பிறகு பசி போகும். வாய் மட்டும் போகாது. இந்த முறை வாயும் சேர்ந்து போயிருந்தது. சில நாளாக அவள் யாரையும் குத்திப் பேசவில்லை. வீட்டில் எல்லாருக்கும் ஆஸ்பத்திரி நினைப்பாகவே இருந்ததால் அந்த அதிசயத்தை ஒருவரும் கவனிக்கவில்லை.

ஊசி என்பது புகுந்த வீட்டில் அவளுக்கு விழுந்த பெயர். கார் இருக்கைகளுக்கு உறை தைக்கும் தொழில், அதற்கேற்ற நாக்கு, இரண்டுக்கும் சேர்த்து ஒரே பெயர். அவள் புருஷனுக்கு சைலன்சர் என்று பெயர். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டான். அண்ணன் நடத்தும் டிரைவிங் ஸ்கூலில் அவன் வாத்தியார். கார் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் அந்த அண்ணனை முதுகுக்குப் பின்னால் பிரேக் என்பார்கள். ஸ்கூல் காரில் இடப்பக்க இருக்கையில் வாத்தியாருக்கென்று தனியாக ஒரு பிரேக் பெடல் இருக்கும் அல்லவா? அதை மிதித்து மிதித்துப் பழகிய அவருடைய வலது கால் சாப்பாட்டு மேஜைக்கு அடியிலும் சும்மா இருக்காது.

அந்தப் பிரேக்கின் மனைவி, ஊசிக்கு ஓரகத்தி. ஆனால் ஊசி அவளை ஒருநாளும் ஓரகத்தியாக நினைத்ததில்லை. கூடப் பிறந்தவளைக் கூப்பிடுவது போலத்தான் 'அக்கா' என்று கூப்பிடுவாள்.

அந்த அக்காவுக்குத்தான் திடீரென்று கார் ஓட்டக் கற்றுக்கொள்ளும் ஆசை வந்தது. கொழுந்தன் கற்றுக்கொடுத்தான். காலையில் இருவருமாக ஸ்கூல் காரை எடுத்துக்கொண்டு பயிற்சி மைதானத்துக்குப் போவார்கள். அப்படிப் போன ஒருநாள் நாற்சந்தியில் ஒரு வேன் வந்து இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. அக்காவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. சைலன்சருக்கு ஒரு கீறல்கூட இல்லை. "நான்தான் ஓட்டினேன், தப்பு என்மேலதான்" என்று ஆம்புலன்சிலேயே அக்கா சொல்லிவிட்டாள். வேன் வலப்பக்கம் வந்து இடித்ததாக சைலன்சர் சொன்னான். ஓட்டுகிறவர் உட்காருவதும் வலப்பக்கம்தானே? எல்லாம் பொருந்தியது. யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை.

ஊசிக்கு மட்டும் போன வாரம் துணி துவைக்கும்போது ஒன்று கையில் சிக்கியது. சட்டைப் பொத்தான்.

சைலன்சரின் சட்டைகளில் மேலிருந்து இரண்டாவது பொத்தான் மட்டும் எப்போதும் தளர்ந்து தொங்கும், சில நாள் காணாமலே போயிருக்கும். மற்றப் பொத்தான்களுக்கு ஒரு கேடும் வராது. 'எவ பிய்க்கிறா இதை?' என்று பல்லைக் கடித்துக்கொண்டே ஊசி தைத்துக் கொடுப்பாள். போன வாரம் அந்தப் பொத்தானைத் திருப்பிப் பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நூல் பெருக்கல் குறியாகக் குறுக்கே ஓடியிருந்தது. ஊசி பொத்தான் தைத்தால் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கோடாகத்தான் போகும். பெருக்கல் குறி யாருடைய கை என்று அவள் யாரையும் கேட்க வேண்டியதில்லை. அந்த வீட்டுத் தலையணை உறைகள் அத்தனையிலும் அது இருந்தது.

அக்காவின் கை.

கட்டின பொண்டாட்டி ஒருத்தி குத்துக்கல்லாட்டம் வீட்டில் இருக்கிறாள். அதுவும் ஊசியும் நூலுமாகவே பிழைப்பவள். அவளிடம் மூச்சுக்கூட விடாமல் அண்ணியிடம் கொடுத்துப் பொத்தான் தைத்துக்கொள்வானேன்? யோசிக்க யோசிக்க ஊசிக்கு வயிறு எரிந்தது. அக்காவையா சந்தேகப்படுகிறோம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டிவிட்டு மறுபடியும் சந்தேகப்பட்டாள்.

*

அன்று அக்காவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்புகிற நாள்.

"மத்தியானம் நானும் அண்ணனும் கார்ல வந்துடறோம்," என்றான் சைலன்சர், குனிந்து ஷூ லேஸைக் கட்டியபடி. கண்ணெல்லாம் சிவந்திருந்தது. விபத்துக்குப் பிறகு அவன் சரியாகத் தூங்குவதே இல்லை. "நீ முன்னாடியே போய் அண்ணிகூட இரு."

"எந்தக் கார்ல வருவீங்க? நம்ம கார்தான் நசுங்கிக் கெடக்கே."

"அண்ணன் வேற ஒரு பழைய கார் பார்த்திருக்கார். இன்னிக்குத்தான் கைக்கு வருது. நாளைலேர்ந்து நான் கிளாஸ் எடுக்கணும்."

"அந்த நசுங்கின காரை நான் ஒரு தடவை பார்க்கணுமே."

லேஸ் கட்டின கை சட்டென்று நின்றது. "அதுல பார்க்க என்ன இருக்கு? மெக்கானிக்கிட்ட நான் பேசிக்கறேன். நீ அந்தப் பக்கம் போகாதே."

இதே பாட்டுதான் முதல் நாளிலிருந்து. காரைப் பார்க்கப் போகிறேன் என்று பிரேக் கிளம்பியபோதும் "பார்த்தா மனசு தாங்காதுண்ணா, நான் பார்த்துக்கறேன்" என்று தடுத்துவிட்டான். அவரும் மனைவியின் கட்டிலைவிட்டு நகராத மனுஷர், சரி என்று விட்டுவிட்டார். ஊசிக்கு மட்டும் மூக்கில் வியர்த்தது.

பாவம், எல்லாவற்றையும் யோசித்தவன் ஒன்றை மறந்துவிட்டான். அந்த மெக்கானிக் எந்தக் காரைப் பிரித்தாலும் இருக்கைகளை அனுப்புகிற இடம் ஒன்றே ஒன்றுதான். சாட்சாத் அவன் பொண்டாட்டியின் தையல் கொட்டகை.

அவன் தெருமுனை தாண்டியிருக்க மாட்டான், கொட்டகை வாசலில் சரக்கு வண்டி வந்து நின்றது. வண்டிக்காரர் இரண்டு முன்னிருக்கைகளை இறக்கிவைத்தார்.

"மெக்கானிக் அனுப்பினார்மா. வலது சீட்டுக்கு உறை மட்டும் மாத்தினாப் போதுமாம். இடது சீட்டு தேறுமான்னு நீங்களே பார்த்துச் சொல்லச் சொன்னார்."

ஊசி இருக்கைகளைச் சுற்றி வந்தாள். உறை இரண்டும் அவள் தைத்ததுதான். வலது இருக்கை அலுங்காமல் குலுங்காமல் இருந்தது. முன்னும் பின்னும் நகர்த்த அடியில் இருக்கும் நழுவுகம்பியில் கடைசிவரை பின்னால் தள்ளி வைக்கப்பட்டிருந்தது. இடது இருக்கையைப் பார்த்தால் வேறு கதை. கதவுப் பக்கச் சட்டம் உள்ளே வளைந்து, பஞ்சு பிதுங்கி, தையல் வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

'வலப்பக்கம் இடிச்சதுன்னு சொன்னீங்களே மகராசா!' என்றது ஊசியின் மனசு.

இடது இருக்கையின் நழுவுகம்பி நசுங்கி இறுகிவிட்டிருந்தது. எவ்வளவு இழுத்தும் அசையவில்லை. அப்படியென்றால் இடித்தபோது இருக்கை எங்கே இருந்ததோ அங்கேயே மாட்டிக்கொண்டிருக்கிறது. எங்கே இருந்தது என்று ஊசி குனிந்து பார்த்தாள். ஒரேயடியாக முன்னால் இருந்தது.

சைலன்சரோ நெடுநெடுவென்று வளர்ந்தவன். அங்கே உட்கார்ந்திருந்தால் முழங்கால் இரண்டும் தாடையைத் தொட்டிருக்கும். இருக்கையை அவ்வளவு முன்னால் இழுத்துப் போட்டு உட்காருகிற ஆள் அந்த வீட்டில் ஒரே ஒருத்திதான். சமையலறை மேல்தட்டை எட்டுவதற்கு ஸ்டூல் போட்டு ஏறுகிற அக்கா.

ஆக, ஓட்டியது அவள் புருஷன். இடப்பக்கத்தில் இருந்தது அக்கா. ஒருவர் மாற்றிச் சொன்னால் பதற்றம் என்று விட்டுவிடலாம். இரண்டு பேரும் சேர்ந்து ஒரே மாதிரி மாற்றிச் சொன்னால்?

"தேறுமாம்மா?" என்றார் வண்டிக்காரர்.

"இது தேறாதுங்க," என்றாள் ஊசி. இருக்கையைத்தான் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு அவர் போய்விட்டார்.

*

வார்டில் அக்கா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் பாதியாக வற்றியிருந்தது. ஊசியைக் கண்டதும் அந்த முகம் மலர்ந்தது. உடனே 'இதுவும் நடிப்பா?' என்று ஊசிக்கு ஓர் எண்ணம் வந்தது.

எலும்பு டாக்டர் வந்தார். "வீட்ல யார் கூட இருந்து பார்த்துக்கப் போறீங்க?"

"நான்தான் டாக்டர்."

"அப்ப நீங்க இதைப் பார்த்து வைச்சுக்கறது நல்லது." எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். "இடுப்பெலும்புன்னா ஏதோ ஒத்த எலும்புன்னு நினைச்சுக்கறாங்க. இது ஒரு வளையம். முன்னாடி இங்க ஒரு முறிவு. பின்னாடி, முதுகெலும்பு வந்து உட்கார்ற இடத்துல இன்னொண்ணு. கெட்டியான வளையம் பெரும்பாலும் ஒரே இடத்துல உடையாது. ஒண்ணு கண்ணுல பட்டுதுன்னா ரெண்டாவது எங்கேன்னு தேடணும். தேடினோம், இருந்தது."

ஊசி படத்தைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். காலையில் அவள் கண்ணில் பட்டது ஒரு பொய். அப்படியானால் இரண்டாவது எங்கே?

"டாக்டர், அடி எந்தப் பக்கத்துலேர்ந்து விழுந்திருக்கு?"

"இடது பக்கத்துலேர்ந்து. இந்தப் பாதி உள்ளே அமுங்கினாப்ல இருக்கு பாருங்க. கார்க்கதவு அப்படியே இடுப்புல இறங்கியிருக்கு. ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான் கேட்டேன்."

அக்கா போர்வையின் ஓரத்தை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"இவங்க பிழைச்சதே பெரிய விஷயம்," என்றார் டாக்டர். "கொண்டு வந்தப்ப காலை இம்மிகூட அசைக்க முடியலை. இடுப்பைச் சுத்தி நீலம் பாரிச்சுப் போயிருந்தது. ரத்த அழுத்தம் இறங்கிட்டே போச்சு. இந்த முறிவுல வெளியில ஒரு சொட்டு ரத்தம் தெரியாம உள்ளுக்குள்ளேயே கொட்டித் தீர்ந்துடும். ஆம்புலன்ஸ்காரங்க இடுப்பைச் சுத்திப் பட்டையை இறுக்கிக் கட்டி, அசைக்காம கொண்டு வந்தாங்க. நாங்க ரத்தம் ஏத்தி, மூத்திரப்பைக்கு அடி இல்லைன்னு பார்த்துட்டு, அப்புறமா பிளேட்டும் ஸ்க்ரூவும் வைச்சோம். வலது பாதம்கூட நல்லா வீங்கியிருந்தது. எதையோ உயிரைக் குடுத்து மிதிச்சிருக்காங்க. ஓட்டினவங்க இல்லையா, பிரேக்கை மிதிச்சிருப்பாங்க."

"ஆமா, ஓட்டினவங்கதான்," என்றாள் ஊசி, அக்காவின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நான் சொல்ற வரைக்கும் இடது காலை ஊனவே கூடாது. வாக்கரை வைச்சுக்கிட்டு வலது கால்லதான் நகரணும். ரத்தம் கட்டாம இருக்கத் தினமும் வயித்துல ஒரு ஊசி போடணும்."

"வீட்லயே ஒரு ஊசி இருக்கு டாக்டர்," என்று அக்கா சிரிக்கப் பார்த்தாள். ஊசி சிரிக்கவில்லை.

"கால் வீங்கினாலோ, மரத்துப் போனாலோ, திடீர்னு மூச்சு வாங்கினாலோ யோசிக்காம இங்க கொண்டு வந்துடுங்க. இன்னிக்கு வீட்டுக்குப் போறப்பவும் வண்டி மெதுவாப் போகட்டும். இந்த இடுப்பு இன்னொரு அடியைத் தாங்காது."

டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார். ஊசி கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்து மூடினாள்.

*

"அக்கா, என் புருஷன் சட்டைக்கு நீங்க எதுக்குப் பட்டன் தைச்சீங்க?"

அக்கா எதிர்பார்த்த கேள்வி இது இல்லை என்று முகத்திலேயே தெரிந்தது. "எந்தப் பட்டன்?"

"ரெண்டாவது பட்டன். பெருக்கல் குறி போட்டு. காதுல பூ சுத்தாதீங்க. இடது சீட்டையும் பார்த்துட்டேன். காலையில கொட்டகைக்கு வந்துது. ஓட்டினது அவரு. பக்கத்துல இருந்தது நீங்க. தினமும் ரெண்டு பேரும் விடியறதுக்குள்ள கிளம்பிப் போனீங்களே, கார் கத்துக்கவா போனீங்க?"

அக்கா சிரித்துவிட்டாள். சிரித்ததும் இடுப்பில் சுளீரென்று வலித்திருக்க வேண்டும், கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தாள். கண்ணில் நீர் தளும்பியது.

"அடிப் பைத்தியமே! என்னையா அப்படி நினைச்சே?"

"வேற எப்படி நினைக்கச் சொல்றீங்க?" ஊசிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "நீங்களே சொல்லுங்க. வேற எப்படி நினைக்கறது?"

அக்கா அவள் கையைப் பிடித்து இழுத்துக் கட்டிலில் உட்காரவைத்தாள்.

"ஒருநாள் பின்கட்டுக் குழாயடியில உன் புருஷன் சொம்புல தண்ணி பிடிச்சிட்டு நின்னான். சொம்பு நிறைஞ்சு வழியுது. கூப்பிடறேன், திரும்பலை. கண்ணு திறந்திருக்கு, ஆள் அங்க இல்லை. வாய் எதையோ மெல்ற மாதிரி அசையுது. ஒரு கை மட்டும் சட்டைப் பட்டனைத் திருகிட்டே இருக்கு. பட்டன் பிய்ஞ்சு கீழ விழுந்துது. கொஞ்ச நேரம் கழிச்சு 'என்ன அண்ணி?'ங்கறான், ஒண்ணுமே நடக்காத மாதிரி. அப்படி விழுந்ததைத்தான் உன் கண்ணுல படாம நான் தைச்சுக் குடுத்தேன்."

அக்கா குரலைத் தாழ்த்தினாள்.

"நரம்பு டாக்டர்கிட்ட நான்தான் இழுத்துட்டுப் போனேன். வலிப்புல இதுவும் ஒரு வகையாம். கீழ விழுந்து வெட்டி வெட்டி இழுத்தாத்தான் வலிப்புன்னு நாம நினைச்சிட்டிருக்கோம். தூக்கம் கெட்டா, மனசு கலங்கினா அடிக்கடி வருமாம். மாத்திரை குடுத்தார். நல்லா அடங்கற வரைக்கும் வண்டிப் பக்கமே போகக்கூடாதுன்னார்."

"அப்புறமும் ஓட்டினாரா?"

"அண்ணனுக்குத் தெரிஞ்சா வாத்தியார் வேலை போயிடும், கார் தவிர எனக்கு என்ன அண்ணி தெரியும்னு சின்னப் பிள்ளையாட்டம் அழுதான். நான் இளகிட்டேன்டி. கத்துக்கறேன்னு ஒரு சாக்கைச் சொல்லி, கிளாசுக்காக அவன் மைதானத்துக்கு ஓட்டிட்டுப் போறப்ப இடது சீட்டுல ஏறிக்கிட்டேன். அவனுக்கு அப்படி வந்துட்டா வாத்தியார் பிரேக்கை நான் மிதிச்சிடலாம்னு ஒரு தைரியம். அன்னிக்கு நாற்சந்திகிட்ட வர்றப்ப கை பட்டனுக்குப் போச்சு. பார்த்துட்டேன். கார் நிக்காம முன்னாடி போகுது. மிதிச்சேன்." அக்கா மூச்சை இழுத்து விட்டாள். "மிதிச்சது சரிதான். நிறுத்தின இடம்தான் தப்பு. நட்ட நடு ரோட்ல நின்னுடுச்சு. என் பக்கத்துலேர்ந்து வேன் வந்துது."

ஊசிக்கு வெட்கமாக இருந்தது. கோபமும் வந்தது. ஆனால் அவள் ஊசி இல்லையா? 'ரெண்டு பொய்யைச் சொன்னவங்க மூணாவதா ஒண்ணு சொல்லமாட்டாங்களா?' என்று மனசின் ஒரு மூலை அப்போதும் கேட்டுக்கொண்டிருந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் ஒருநாளும் அப்படி எதையும் பார்த்ததில்லையே.

"எனக்கு ஏன் சொல்லலை? நான் என்ன மூணாம் மனுஷியா?"

"சொல்லிடுடான்னு நானும் முட்டிக்கிட்டேன். 'அவ பார்க்கற பார்வை மாறிடும் அண்ணி. இப்பவே எல்லாத்தையும் உத்து உத்துப் பார்ப்பா. இது தெரிஞ்சா நான் டீ குடிச்சாக்கூட என் கையைத்தான் பார்த்துட்டிருப்பா'ன்னான். அதுக்குத்தான் பயந்தான்."

சுருக்கென்று தைத்தது. ஊசியால் அந்த இடத்தில் உட்கார முடியவில்லை. எழுந்து அக்காவின் துணிகளைப் பையில் திணித்தாள்.

"அது போகட்டும். கத்துக்க வர்றவங்க? அவங்க ஓட்டறப்ப வாத்தியார் சீட்டுல இவர் கல்லாட்டம் உட்கார்ந்திருந்தா அவங்க கதி?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். "யோசிக்காம இல்லை."

"யோசிச்சு என்ன பண்ணீங்க? நாளைக்கு கிளாஸ் எடுக்கப் போறாராம், தெரியுமா?"

"தெரியும். இன்னிக்கு ராத்திரி நானே உங்க அத்தான்கிட்ட எல்லாத்தையும் சொல்லிடறேன். பொய்யை ஆரம்பிச்சவ நான், நான்தான் சொல்லணும். அதுவரைக்கும் நீ வாயைத் திறக்கக்கூடாது. என்மேல சத்தியம் பண்ணு."

ஊசி தயங்கினாள். பிறகு அக்காவின் உள்ளங்கையில் கையை வைத்தாள். ராத்திரிவரைதானே என்று நினைத்தாள்.

*

ராத்திரிவரை பொறுக்க விதி விடவில்லை.

ஆஸ்பத்திரி வாசலுக்குச் சக்கர நாற்காலியில் அக்காவைத் தள்ளிக்கொண்டு வந்து நர்ஸ் நிறுத்தியதும், வெள்ளை நிறக் கார் ஒன்று மெதுவாக வந்து நின்றது. இடப்பக்கக் கதவைத் திறந்துகொண்டு பிரேக் குதித்து இறங்கினார். முகமெல்லாம் பல்.

"எப்படி இருக்கு வண்டி? பூ மாதிரி ஓடுது!" மனைவியின் தோளைத் தொட்டார். "உனக்காகவே பின் சீட்டுல தலையணை அடுக்கி வைச்சிருக்கேன். நான் உன்னைப் பிடிச்சிட்டு உட்கார்ந்துக்கறேன். தம்பி ஓட்டுவான்."

ஓட்டும் இருக்கையில் சைலன்சர் உட்கார்ந்திருந்தான். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"நீ முன்னாடி ஏறும்மா," என்றார் ஊசியிடம்.

ஊசி திறந்திருந்த கதவு வழியாகக் குனிந்து பார்த்தாள். இடப்பக்க இருக்கைக்கு முன்னால் வெறும் ரப்பர் விரிப்பு இருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

"இந்தப் பக்கம் பிரேக் இல்லையா அத்தான்?"

"அது அடுத்த வாரம்தான் மாட்டணும். இன்னிக்கு எதுக்கு? ஓட்டறது நம்ம வாத்தியார்தானே, கத்துக்குட்டியா என்ன?"

அவர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. சக்கர நாற்காலியின் கைப்பிடியை அவள் விரல்கள் இறுக்கிப் பிடித்திருந்தன. இன்னொரு அடியைத் தாங்காது என்று டாக்டர் சொன்னது ஊசியின் காதில் கேட்டது. வீட்டுக்குப் போகிற வழியில் அதே நாற்சந்தி இருக்கிறது. சத்தியம் வாய்க்குத்தான், கைக்கு இல்லை.

ஊசி இருக்கையில் ஒரு முழங்காலை ஊன்றி எட்டிச் சாவியைத் திருகினாள். என்ஜின் நின்றது. சாவியை உருவிக்கொண்டு வெளியே வந்தாள்.

"என்ன விளையாட்டு இது?" என்றான் சைலன்சர்.

"அத்தான், நீங்க ஓட்டுங்க. அக்காவை நான் பிடிச்சுக்கறேன்."

"ஏம்மா? புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஏதாவது சண்டையா?" பிரேக் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நடு வாசல்ல வண்டியை நிறுத்திட்டு என்ன இது?"

"சாவியைக் குடு," என்றான் சைலன்சர். குரல் கரகரத்தது. அவன் கண் ஊசியின் முகத்தில் எதையோ தேடியது. பிறகு அக்காவிடம் போனது. அண்ணி சொல்லிவிட்டாளா? "சாவியை..."

வார்த்தை பாதியில் நின்றது.

முதலில் ஊசி அதை முறைப்பு என்றே நினைத்தாள். அவன் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். ஆனால் அந்தக் கண்ணில் அவள் இல்லை. உதடு மெல்ல அசைந்தது, வாய்க்குள் எதையோ மெல்கிறவன் போல. வலது கை மடியிலிருந்து எழுந்து மார்புக்குப் போனது. இரண்டாவது பொத்தானைப் பிடித்தது. திருகியது.

அவள் நேற்றுத்தான் இரட்டை நூல் போட்டு இறுக்கித் தைத்த பொத்தான் அது.

"டேய், உன்கிட்டதான் பேசறேன். இறங்கு," என்றார் பிரேக். "தம்பி? டேய் தம்பி!"

பின்னால் வந்து நின்ற ஆம்புலன்ஸ் ஹாரன் அடித்தது. அவன் திரும்பவில்லை. பொத்தான் பிய்ந்து தெறித்து இடப்பக்க ரப்பர் விரிப்பில் விழுந்தது. பொத்தான் இல்லாத இடத்தையும் அந்தக் கை திருகிக்கொண்டே இருந்தது. ஊசிக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. இத்தனை நாள் எவள் பிய்க்கிறாள் என்று பல்லைக் கடித்தாளே, அந்தப் பல்லை உடைத்துக்கொள்ளலாம் போல இருந்தது.

கொஞ்ச நேரத்தில் கை தளர்ந்து மடியில் விழுந்தது. அவன் கண்ணைச் சிமிட்டினான். "என்னண்ணா?" என்றான். கை சாவித் துவாரத்தைத் தேடிப் போய் வெறுமையைத் தடவியது. அப்போதுதான் எல்லாரும் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டான். கடைசியாக, பயந்து பயந்து, மனைவியை நிமிர்ந்து பார்த்தான்.

ஊசி குனிந்து பொத்தானை எடுத்தாள். தன் பார்வை எப்படி இருக்கிறதென்று அவளுக்கே தெரியவில்லை. எப்போதும் இருக்கிற மாதிரி வைத்துக்கொள்ளப் பாடுபட்டாள்.

"பட்டன் விழுந்துடுச்சுங்க," என்றாள். "வீட்டுக்குப் போனதும் நானே தைச்சுத் தரேன். இறங்கி இந்தப் பக்கம் வாங்க."

'நானே' என்ற சொல்லை அவன் கேட்டான். எல்லாம் தெரிந்துவிட்டது என்று புரிந்தது. முகம் கோணி, உதட்டைக் கடித்துக்கொண்டு இறங்கினான். நடை தள்ளாடியது. ஊசி அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள், மறு கையில் இருந்த சாவியை அத்தானிடம் நீட்டினாள்.

பிரேக் சாவியை வாங்கவில்லை. ஒருபோதும் சும்மா இராத அந்த வலது கால் தரையில் அப்படியே ஊன்றி நின்றது. அவர் காரின் இடப்பக்கக் கதவைப் பார்த்தார். மனைவியின் இடது இடுப்பைப் பார்த்தார். தம்பியின் பொத்தான் இல்லாத சட்டையைப் பார்த்தார். எத்தனையோ பேருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவர், கணக்குப் போட அவருக்கு நேரம் ஆகவில்லை.

"அன்னிக்கு வண்டியை ஓட்டினது யாரு?"

தம்பியை அவர் கேட்கவில்லை. சக்கர நாற்காலிக்கு முன்னால் வந்து நின்று மனைவியைக் கேட்டார்.

அக்கா ஊசியைப் பார்த்தாள். ஊசி வாயைத் திறக்கவில்லை. சத்தியம் செய்தது செய்ததுதான்.

"வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாங்க," என்றாள் அக்கா.

"இல்லை," என்றார் பிரேக். "இங்கேயே சொல்லு."